வேலை போச்சு, பொழுது போகலை: நடுவயதில் தொழிலை இழந்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இது நாற்பது தாண்டியவர்களை மனதில் வைத்து எழுதியது. இருபத்தைந்து வயதில் வேலை போனால் அடுத்த வேலையைத் தேடினால் போதும். பதினெட்டு, இருபது வருஷம் ஒரே தொழிலில் இருந்துவிட்டு, இனி அந்தத் தொழிலே நம்மைக் கூப்பிடாது என்று தெரிந்துபோனவர்களின் பாடு வேறு. மதுரையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மில் மூடியதில் வெளியே வந்த பிட்டர், ஆள்குறைப்புப் பட்டியலில் பெயர் வந்துவிட்ட மெடிக்கல் ரெப், சேர்க்கை குறைந்து மூடிய நர்சரிப் பள்ளியின் டீச்சர், அச்சகத்தில் டி.டி.பி. (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை) பார்த்தவர், முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட டிரைவர். நானும் திருமங்கலம் ரோட்டில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவிலிருந்து அப்படி வெளியே வந்தவன்தான். அதன்பிறகு இதே நிலையில் இருந்த பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களுக்குக் கைகொடுத்த வழிகளைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மீண்டு வந்தவர்களுக்கெல்லாம் நடந்தது ஒன்றுதான்: ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு நேரத்தில், யாரோ ஒருவர் அவர்களை எதிர்பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்டு போன் வந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த போன் வருகிற நிலைக்குப் போய்ச் சேரத்தான்.

படி 1: பணக்கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள்

மனசைப் பற்றிப் பேச வந்தவன் பணத்தில் ஆரம்பிக்கிறானே என்று தோன்றலாம். அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாதவரிடம் புது அர்த்தம், புது வாழ்க்கை என்று பேசினால் அவருக்குக் கோபம்தான் வரும். அதனால் இது முதலில்.

ஒரு தாளில் இடது பக்கம் கட்டாயச் செலவு: வாடகை, பால், அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம், இ.எம்.ஐ., சீட்டு, நகைக்கடன் வட்டி. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியாக எழுதுங்கள். வலது பக்கம் கையிருப்பு. வலதை இடதால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். நான்கு மாதம் என்று வந்தால்கூடப் பரவாயில்லை. எண் தெரியாமல் ராத்திரி விழித்திருப்பதைவிட, எண் தெரிந்து கவலைப்படுவது எவ்வளவோ மேல்.

அப்புறம் நமக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். வெட்கம், கோபம் இரண்டினாலும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி): நிரந்தர ஊழியராகத் தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்திருந்தால், பத்துப் பேராவது வேலை பார்க்கும் நிறுவனம் அதைத் தந்தே ஆக வேண்டும். கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்குங்கள். 26,000 ரூபாய் சம்பளம், 18 ஆண்டு என்றால் 15,000 பெருக்கல் 18, அதாவது 2,70,000 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுக்கலாம். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

பி.எப்.: வேலை போனவுடனே முழுவதையும் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி வந்துகொண்டுதான் இருக்கும். மொத்தச் சேவை 10 ஆண்டைத் தொட்டிருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. தொடவில்லை என்றால், பார்த்த சேவைக்குச் சான்றாக பி.எப். அலுவலகம் தரும் ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வையுங்கள். பின்னால் வேறு வேலையில் சேர்ந்தால் பழைய சேவையும் சேர்ந்துகொள்ளும். ஆதாரில் ஓர் எழுத்து, பி.எப்.பில் ஓர் எழுத்து என்று பெயர் மாறிக் கிடந்தால் அதைத் திருத்துவது முதல் வேலை. அதற்காகச் சொக்கிகுளம் அலுவலகத்துக்கு ஒருநாள் ஒதுக்குங்கள்.

மருத்துவக் காப்பீடு: கம்பெனி பாலிசி பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று வெளியேறும் முன்பே கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள், வேலையிழந்த காலத்துக்கு நிவாரணம் உண்டா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நெருக்கடி என்றாலும் மீட்டர் வட்டிப் பக்கம் போகாதீர்கள். கந்துவட்டியைத் தடை செய்து 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது; வட்டிக்கு விடுகிறவர் அதைப் படித்திருக்க மாட்டார். நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைப்பது எவ்வளவோ நல்லது.

படி 2: வீட்டில் சொல்லிவிடுங்கள்

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போல எட்டு மணிக்குக் கிளம்பி, திருப்பரங்குன்றத்தில் மண்டபத்து நிழலில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்புகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு மாதம் இப்படி ஓட்டினார். மனைவிக்கு முதல் வாரமே தெரியும். டிபன் பாக்ஸ் கழுவியது போலத் திரும்பி வந்ததாம். வேலைக்குப் போகிற காலத்தில் அவர் ஒருநாளும் அதைக் கழுவியதில்லை.

சொல்லும்போது படி 1இல் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "வேலை போச்சு" என்பதோடு நிறுத்தாமல், "இத்தனை மாதம் சமாளிக்கலாம், இதைக் குறைக்கணும், இதைத் தொடப்போறதில்லை" என்று சேர்த்துச் சொன்னால் வீடு உங்களோடு நிற்கும். பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் அவர்களுக்கும் தெரியட்டும்.

படி 3: நாளுக்குச் சட்டம் போடுங்கள்

முதல் வாரம் லீவு மாதிரிகூட இருக்கும். தூங்கலாம், சினிமா பார்க்கலாம். இரண்டாவது மாதத்தில்தான் நாள் உருவழிந்து போகும். எட்டரைக்கு எழுந்து, பேப்பரை டெண்டர் விளம்பரம் வரை படித்து, போனைத் தடவி, பன்னிரண்டு மணிக்குக் குளித்து, "இன்னைக்கு என்ன செஞ்சோம்?" என்றால் பதில் இருக்காது.

சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் இதை உட்கார்ந்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஹார்விபட்டி மாதிரி, ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடிவிட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய குழு 1930களின் தொடக்கத்தில் அங்கே போய், வேலை இழந்தவர்களின் ஒவ்வொரு நாளையும் பதிவு செய்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறார்கள். ஆண்களின் நடை மெதுவாகிவிட்டிருந்தது. ஒரே தெருவைக் கடக்கப் பலமுறை நின்றார்கள். பெரும்பாலான ஆண்களிடம் கடிகாரமே இல்லை. எனக்கு மறக்காமல் நின்றது நூலகக் கணக்குதான். படிக்க நேரம் கொட்டிக் கிடந்தது, ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. நேரம் கிடைத்தால் மனிதன் படிப்பான், பழகுவான், புதிதாகக் கற்பான் என்று நாம் நினைப்பது பொய். கெடு இல்லாத நேரம் கையில் நிற்காது.

அதனால் நாளைக்கே தொடங்க வேண்டியவை:

வேலைக்குப் போன காலத்தில் எழுந்த அதே நேரத்தில் எழுந்துவிடுங்கள். குளியலும் சட்டையும் எட்டு மணிக்குள் முடியட்டும். கடிகாரம் கட்டுங்கள், நேரம் பார்க்கப் போனை எடுத்தால் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வீட்டை விட்டு வெளியே இருங்கள். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதற்கு அருமையான இடம். உட்கார இடமும் குளிர்ச்சியும் உண்டு, சுற்றிலும் போட்டித்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் மும்முரம் இருக்கும். அந்த மும்முரம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். மாடக்குளத்திலோ பைபாஸ் ரோட்டிலோ இருப்பவர்களுக்குத் தூரம் என்றால் பக்கத்தில் உள்ள கிளை நூலகம் போதும். தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள்.

நாளுக்கு ஒரு மனிதரையாவது நேரில் பாருங்கள், வேலை கேட்பதற்கென்றே இல்லை. ராத்திரி ஒரு டைரியில் ஒரே வரி: இன்று என்ன செய்தேன், யாரைப் பார்த்தேன். எழுத எதுவும் இல்லாத நாள் தொடர்ந்து மூன்று வந்தால் அது எச்சரிக்கை.

மாலை நடைக்கு வண்டியூர்த் தெப்பக்குளமோ ரேஸ்கோர்ஸ் மைதானமோ போகலாம். ஆனால் வேலை போனவர்களாகவே கூடி, பழைய மேனேஜரைத் திட்டும் பெஞ்சில் தினமும் உட்காராதீர்கள். முதல் ஒரு வாரம் ஆறுதலாக இருக்கும். பிறகு அந்தப் பெஞ்சு நம்மை எழுந்திருக்க விடாது.

பெண்களுக்கு இந்தப் படி தலைகீழ்

மரியந்தாலில் பெண்களின் நடை ஆண்களைவிட வேகமாக இருந்தது. சமையல், துவையல், பிள்ளை என்று அவர்களுக்கு நாள் இருந்துகொண்டே இருந்தது. இதைப் படித்துவிட்டு, வேலை போனால் பெண்களுக்குக் கஷ்டமில்லை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நம் ஊரில் நடப்பது என்னவென்றால், வேலையை இழந்த பெண்ணின் நாளை ஒரே வாரத்தில் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

ஆனையூர்ப் பக்கம் ஒரு டீச்சர். பதினான்கு வருஷம் யூ.கே.ஜி. எடுத்தவர். பள்ளி மூடிய அடுத்த திங்கட்கிழமையே நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாயிற்று. "வீட்லதானம்மா இருக்கே" என்று கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது முதல் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வரை எல்லாம் அவர் தலையில். வேலை பார்த்தபோது கிடைத்த ஒருமணி நேர ஓய்வுகூடப் போய்விட்டது. "எனக்கு என்ன வேணும்னு யோசிக்கவே முடியலைண்ணே" என்றார்.

அவர் செய்தது சிறிய காரியம், ஆனால் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். மாமியாரிடம் போய், "அத்தை, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பத்து மணிக்குக் கிளம்பினா ஒரு மணிக்குத்தான் வருவேன். அந்த நேரத்துக்குப் பாப்பாவை யாராவது பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். எங்கே போகிறேன் என்று விளக்கவில்லை. மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். மூன்றாம் நாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போகவர ஒரு பைசா செலவில்லை. எந்த வேலையும் கைக்கு வருவதற்கு முன்பே அந்த மூன்று மணி நேரத்தை வேலி போட்டுக் காப்பாற்றுங்கள். சம்பளம் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் திரும்பி வராது.

படி 4: எது போனது என்று பிரித்துப் பாருங்கள்

மேலே சொன்ன யஹோடா பின்னாளில் இதை இன்னும் தெளிவாக எழுதினார். சம்பளத்தைத் தவிர வேலை நமக்கு ஐந்து விஷயங்களைத் தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தில் இருப்பது, ஊரில் ஓர் இடம், சும்மா இருக்க முடியாதபடி ஒரு கட்டாயம்.

இந்த ஐந்தையும் எழுதி, எது போனதில் உங்களுக்கு அதிக வலி என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் மாறும். டிரைவர் ஒருவருக்கு மனிதர்கள்தான். பெரியார் நிலையத்தில் அவருக்கு வணக்கம் வைக்காத ஆள் கிடையாது. பிட்டருக்குக் கூட்டாகச் செய்யும் காரியம். நின்றுபோன மெஷினை நாலு பேர் சேர்ந்து ஓடவைக்கிற அந்த அரைமணி நேரம். வங்கியில் இருந்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கல்யாண வீட்ல முன்வரிசையில உட்காரவைப்பாங்க. இப்ப வாங்கன்னு சொல்றதோட சரி." கௌரவம்தான் தனக்கு முக்கியம் என்று ஒப்புக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. தெரியாமல் தேடினால்தான் ஆபத்து: மனிதர்களை இழந்தவர் வீட்டிலிருந்தே செய்யும் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்து, சம்பளம் வந்தும் வாடிப்போவார்.

படி 5: பதவியை எழுதாதீர்கள், செய்த வேலையை எழுதுங்கள்

இந்தப் படிக்கு அவசரப்படாமல் இரண்டு வாரம் கொடுங்கள்.

மெடிக்கல் ரெப்பாக இருந்தவர் ஒருவர், வயது நாற்பத்தாறு. உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், "மருந்து விக்கத் தெரியும். இனி அது வேணாம்னுட்டாங்க" என்றார். சரி, ஒரு நாள் வேலையைக் காலையிலிருந்து சொல்லுங்கள் என்றேன். சொல்லச் சொல்ல எழுதினோம்.

கே.கே. நகரில் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு ஓ.பி. முடிப்பார் என்பது மனப்பாடம். ஸ்டீல் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் முகம் சுளிக்காமல் காத்திருப்பார். உள்ளே போனால் இரண்டு நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார். எந்த ஸ்கேன் சென்டரில் எப்போது கூட்டம் குறைவு என்று தெரியும். வியாழக்கிழமை உசிலம்பட்டி லைன். அங்கிருந்து மதுரைக்கு வரும் வயசாளிகள், பையும் டையுமாக இருக்கும் இவரை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து, "தம்பி, இந்தச் சீட்டை எந்தக் கவுண்டர்ல குடுக்கணும்?" என்று கேட்பார்களாம். இவரும் கூடவே போய்க் காட்டுவார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியதைக் கவனித்தேன். "அது வேலை இல்லைண்ணே, சும்மா" என்றார்.

அந்தச் சும்மாதான் இன்றைக்கு அவர் தொழில். பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மதுரையில் தனியாக இருக்கும் பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வருகிறார். டோக்கன் போடுவது, காத்திருப்பது, டாக்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டு மகனுக்கு போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்வது. பழைய சம்பளம் அளவுக்கு வரவில்லை. ஆனால் அவர் வருவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் வயதானவர்கள்.

உங்கள் தாளிலும் இதே மாதிரி மூன்று கேள்விகளுக்கு எழுதுங்கள். வேலையில் இருந்தபோது மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள்? சம்பளத்தில் சேராமல் நீங்களாகச் செய்தது எது? எதைச் செய்யும்போது மணி பார்க்கவில்லை? பதில்களை உங்களோடு வேலை பார்த்த ஒருவரிடம் காட்டுங்கள். விட்டுப்போனதை அவர் சொல்வார். நமக்கு எளிதாக வருவது நம் கண்ணுக்குத் தெரியாது.

மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி பிரசவ மருத்துவராக விரும்பியவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவரை முடக்குவாதம் தாக்கி, விரல்கள் கோணி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தியது. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது. அவர் கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இந்தக் கதையை மேடையில் சொல்லும்போது முடிவை மட்டும் சொல்லி நம்மைப் பயமுறுத்திவிடுவார்கள். நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம்: அவர் மருத்துவத்தை விட்டு எங்கேயோ போய்விடவில்லை, பக்கத்து அறைக்குத்தான் நகர்ந்தார். ஆரம்பித்தது 11 படுக்கையில்.

படி 6: ஊர் கேட்கும் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருங்கள்

"என்ன மாப்ள, இன்னைக்கு லீவா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். பாதிப் பேர் விசாரிப்பது அக்கறையில், மீதிப் பேர் வாய் சும்மா இருக்காததால். இரண்டு பேருக்கும் ஒரே பதில் போதும்: "மில்லுல இருந்து வந்துட்டேன். இப்ப இன்னது பழகிட்டிருக்கேன். உங்களுக்கு அந்த லைன்ல யாரும் தெரியுமா?" கடைசிக் கேள்வி முக்கியம். பரிதாபப்பட வந்தவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பல வாய்ப்புகள் அப்படித்தான் வருகின்றன.

செய்முறை (சீர், மொய்) செய்யக் காசில்லை என்று விசேஷங்களுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இருநூறு ரூபாய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டு வரலாம். போகாதவரைத்தான் ஊர் பேசும்.

படி 7: சின்னதாக இறங்கிப் பாருங்கள்

தாளில் எழுதியதிலிருந்து இரண்டு மூன்று திசைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் கொஞ்ச நாள் நின்று பாருங்கள். யோசித்துத் தெரியாதது நின்றால் தெரியும்.

நிலம், செடி, மாடு பக்கம் மனம் போகிறதா? ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான், தேனீ போன்ற பயிற்சிகள் எப்போது என்று விசாரியுங்கள். அங்கே ஒருநாள் வெயிலில் நின்றாலே கிராமத்துக்குப் போய் விவசாயம் பார்க்கப் போகிறேன் என்ற ஆசை எவ்வளவு நிஜம் என்று தெரிந்துவிடும். கைத்தொழில் தெரிந்தவர்கள் பழைய தெருவுக்கே போங்கள். நான் சொன்ன பிட்டர் இப்போது செல்லூரில் தறி வைத்திருப்பவர்களுக்கு ரிப்பேர் பார்க்கிறார். சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சமணர் மலை, கீழடி அருங்காட்சியகம், 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி எல்லாம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பள்ளிகளுக்கு விளக்கிச் சொல்ல ஆள் தேவை.

பணம் வராத ஒரு பொறுப்பையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால், "நானே கஷ்டத்துல இருக்கேன், சேவை வேறயா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சம்பள வேலை கிடைக்க ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரை உங்களை யாரும் எதிர்பார்க்காமல் இருப்பது உடம்புக்கே ஆகாது.

எந்தப் பொறுப்பு என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் நீர்மோர் ஊற்றுவது மனசுக்கு நிறைவுதான், ஆனால் அங்கே நீங்கள் போகாவிட்டாலும் மோர் தீராது. வாரம் தவறாமல் வருவதும், குறிப்பிட்ட ஓர் ஆள் உங்களுக்காகக் காத்திருப்பதும், உங்கள் இடத்தை உடனே இன்னொருவர் நிரப்ப முடியாததுமான பொறுப்பாக இருக்கட்டும். அச்சகத்தில் டி.டி.பி. பார்த்தவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவர் பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பாடப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறார், செவ்வாயும் சனியும் நாலரை மணிக்கு. இத்தனை வருஷம் பிழை திருத்திய கண். நிறுத்தற்குறி பார்த்து வாசிப்பதால் பையனுக்கு ஒரே தடவையில் புரிகிறது. ஒரு சனிக்கிழமை மழை என்று இவர் போகவில்லை. "ஐயா, திங்கட்கிழமை பரீட்சை, மூணாவது யூனிட் பாக்கி இருக்கு" என்று போன். நனைந்துகொண்டே போனதாகச் சொன்னார். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் நனைந்ததைப் பற்றி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

படி 8: கடை போடும் ஆசை வந்தால்

வராமல் இருக்காது. பணிக்கொடைப் பணம் கைக்கு வந்த வாரத்தில் மச்சான் ஒருவர் பிரியாணிக் கடை யோசனையோடு வருவார். ஆறு மாதம் வரை எந்தக் கடைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்தத் தொழிலோ, அதே தொழில் செய்கிறவரிடம் ஒரு மாதம் சம்பளமில்லாமல் நில்லுங்கள். பூக்கடை என்றால் விடிவதற்கு முன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நின்று, முகூர்த்த நாளன்று மல்லிகை என்ன விலைக்குப் போகிறது, மறுநாள் எந்த விலைக்கு இறங்குகிறது என்று பாருங்கள். சாப்பாட்டுக் கடை என்றால் மிச்சமான மாவை ராத்திரி என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். லாபம் அங்கேதான் நிற்கிறது அல்லது போகிறது.

போடுவது என்று முடிவானால் மொத்தக் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்காதீர்கள். மீதிக்குக் கடனும் மானியமும் உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தையல், மரவேலை, மண்பாண்டம் போன்ற 25 வகைத் தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். புரோக்கர் தேவையில்லை. வீட்டிலிருந்தே மாதம் அரை லட்சம் என்று வாட்ஸப்பில் வருகிறதே, முன்பணம் கேட்கும் எதுவும் வேலை கிடையாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, நாம் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்ற நினைப்பு வருகிறது என்றால், மேலே சொன்ன படிகளை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு உதவி கேளுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவர் தன் வண்டி, பாஸ்புக், நகைச்சீட்டு விவரங்களைத் திடீரென்று ஒவ்வொன்றாக ஒப்படைக்க ஆரம்பித்தால், பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்.

மறுபடி வேலை கிடைத்தால்

கிடைக்கலாம், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கவோ, ஜவுளிக்கடையில் பில் போடவோ கூப்பிடுவார்கள். குடும்பத்துக்குத் தேவை என்றால் கௌரவம் பார்க்காமல் சேர்ந்துவிடுங்கள். ஆனால் சேரும் மகிழ்ச்சியில், இடையில் கட்டியதை எல்லாம் இடித்துவிட வேண்டாம். டி.டி.பி.காரருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை வந்தது. இன்டர்வியூவிலேயே, "செவ்வாய், சனி மட்டும் எனக்குக் காலை ஷிப்ட் வேணும் சார், நாலு மணிக்கு விட்டுடுங்க" என்று கேட்டார். சூப்பர்வைசர் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக இரண்டு மணி நேரம் நிற்பதானால் சரி என்றார். இதையெல்லாம் சேரும் முன்பே பேசிவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால், புதுசாக வந்தவர் அதற்குள் சலுகை கேட்கிறார் என்பார்கள்.